கிளாம்புக்குக் கட்டிய சேலை

அண்ணி,

இன்று காலை ஹெப்பகோடியில், நமக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு சிமெண்டு பிளாக் யார்டில், உங்கள் கைவேலையைப் பார்த்தேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

நம் யார்டில் நாலு இஞ்சு பிளாக் தீர்ந்துவிட்டது. வந்து கேட்பவர்களிடம் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது என்பது உங்களுக்குத் தெரியும். விஜயதசமி என்றுகூடப் பார்க்காமல், முனியம்மாவை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு அந்த யார்டில் கிடைக்குமா என்று கேட்கப் போனேன். வாசலெல்லாம் நேற்று உடைத்த பூசணிக்காய், குங்குமம் கரைந்த சிவப்புத் தண்ணீர், மிதிபட்ட பொரி. உள்ளே வாழைக்கன்றும் சாமந்தி மாலையுமாக ஒரு மினி லோடர் நின்றது. நம்முடையதைப் போலவே நின்ற இடத்திலேயே திரும்பிக்கொள்ளும் சின்ன வண்டி. முன்னால் பிளாக்குகளைப் பிடித்துத் தூக்கும் கிளாம்ப். அதன் இரண்டு கைகளிலும், ரப்பர் பட்டை இருக்கும் உள்பக்கத்தில், பழைய சேலைத் துணியைச் சுற்றிச் சணல் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள்.

நான் அப்படியே நின்றுவிட்டேன். பக்கத்தில் மாலையைக் கழற்றிக்கொண்டிருந்த ஆபரேட்டரிடம், "இதுக்கு எதுக்குப்பா துணி கட்டியிருக்கீங்க?" என்று கேட்டேன்.

"பூஜைன்னா இப்படித்தான் மேடம். கண்ணு படக்கூடாதுன்னு கட்றது."

"யாரு சொன்னது?"

"யாரும் சொல்லல. இந்தப் பக்கம் எல்லா யார்டுலயும் இப்படித்தான். எப்பவும் உள்ள வழக்கம்."

எப்பவும் உள்ள வழக்கமாம்! முனியம்மா சிரித்த சிரிப்பில் நிற்க முடியாமல் அங்கே கிடந்த பிளாக் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அழுகை என்று நினைக்காதீர்கள், கர்வம். நீங்கள் போய் இரண்டு தசரா ஆகிவிட்டது. உங்களை நினைத்தால் எனக்கு இன்னமும் கர்வம்தான் முந்திக்கொண்டு வருகிறது, அழுகை பின்னால்தான் வருகிறது.

நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் எழுதுகிறேன். உங்களைப் பற்றி உங்களிடமே பீற்றிக்கொள்ளாமல் எனக்குத் தூக்கம் வராது.

வயதில் நான் உங்களைவிட மூத்தவள். என் அண்ணனைக் கட்டிக்கொண்டதால் முறையில் நீங்கள் பெரியவராகிவிட்டீர்கள். "வாங்க நாத்தனாரம்மா" என்று நீங்கள் கூப்பிடுவதும், "உத்தரவு அண்ணி" என்று நான் குனிவதும் சந்தாபுரா யார்டு முழுக்கக் கேட்கும். நான் ஆபீஸில் போனையும் பில்லையும் பார்த்துக்கொண்டேன். அண்ணன் பிளாக் போடும் மெஷினைப் பார்த்துக்கொண்டார். நீங்கள் லோடு ஏற்றும் இடத்தில் நின்றீர்கள். முனியம்மாவும் அவளோடு வந்த பெண்களும் தலையில் சும்மாடு வைத்து, ஆளுக்கு இரண்டு பிளாக்காகத் தூக்கிப் பலகை ஏறி லாரியில் அடுக்குவார்கள். பெங்களூரில் பாதி வீடு அப்படித் தலையில் ஏறித்தான் வந்தது. அதில் யாருக்கும் எதுவும் வித்தியாசமாகத் தெரியவில்லை, உங்களைத் தவிர.

ஒரு நாள் நான் ஆபீஸ் ஜன்னலிலிருந்து முனியம்மாவைக் கூப்பிட்டேன். அவள் கழுத்தைத் திருப்பாமல், கால் எடுத்து வைத்து உடம்போடு திரும்பினாள். நான் அதைப் பார்த்தும் பார்க்கவில்லை. நீங்கள் பார்த்துவிட்டீர்கள்.

"முனியம்மா, யாரு கூப்பிட்டாலும் நீ ஏன் உடம்போட திரும்புற?"

"கழுத்து திரும்பறதில்லீங்க. அது நின்னு ரொம்ப நாளாச்சி. பழகிடுச்சி."

அன்று மத்தியானம் நீங்கள் சாப்பிடவில்லை. டிபன் டப்பாவை மூடி வைத்துவிட்டு அண்ணனிடம் போய் நின்றீர்கள். மினி லோடரும் கிளாம்பும் வாடகைக்குக் கிடைக்கிறதாம், எடுங்கள் என்றீர்கள். அண்ணன் சுலபத்தில் இறங்கி வருகிற ஆள் இல்லை. "யாரு ஓட்டுவா?" என்றார். "நான்" என்றீர்கள். அவர் என்னைப் பார்த்தார். நான் பில் புக்குக்குள் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தேன். கடைசியில், "தசரா முடியிற வரைக்கும் பார்ப்போம். சரிப்படலேன்னா திருப்பி அனுப்பிடுவேன், அப்புறம் என்னைக் கேட்கக் கூடாது" என்று ஒப்புக்கொண்டார்.

வண்டி வந்த அன்று உங்களைப் பார்க்க வேண்டுமே! கல்யாணமான நாளிலிருந்து சேலையைத் தவிர வேறெதுவும் உடுத்தாதவர், சுடிதார் போட்டு, அதன் மேல் அண்ணனின் பழைய காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றீர்கள். "என்ன அண்ணி, காலேஜுக்கா?" என்று கேட்டேன். "ஆமா, நீ ஃபீஸ் கட்டு" என்றீர்கள். வாடகைக்கு விட்டவர்களின் ஆள் வாரம் முழுக்க வந்து சொல்லிக் கொடுத்தான். அவன் போன பிறகும் நீங்கள் காலி கிளாம்பை வைத்துக்கொண்டு யார்டைச் சுற்றிச் சுற்றி வந்தீர்கள். பிளாக் எதையும் தொடவில்லை. சுவரோரம் போய் நிறுத்துவதும் திரும்புவதுமாக ஒரே கூத்து. பின்னாளில் எனக்கு ஓட்டச் சொல்லிக் கொடுத்தபோதும் இதே கூத்துதான்.

முனியம்மா கூட்டத்துக்கு மட்டும் முகம் விழுந்துவிட்டது. "மெஷின் இங்கயே நின்னுடுச்சின்னா எங்களுக்கு வீடுதானேம்மா?" என்று அவள் உங்களிடம் நேராகவே கேட்டாள். "நான் இருக்கற வரைக்கும் ஒருத்தியும் வீட்டுக்குப் போக மாட்டா. உங்க கையில்லாம இந்த மெஷின் எதையும் தூக்காது" என்றீர்கள். சமாதானத்துக்குச் சொல்கிறீர்கள் என்றுதான் நான் நினைத்தேன். முதல் நாளே அது நிஜமாகிவிட்டது.

கிளாம்ப் என்றால் அடியில் தாங்குவதற்கு ஒன்றும் இல்லை. இரண்டு இரும்புக் கைகள் இரண்டு பக்கமும் வந்து நெருக்கும். அந்தப் பிடியில்தான் பிளாக்குகள் ஒன்றையொன்று இறுக்கிக்கொண்டு மொத்தமாக மேலே எழும்ப வேண்டும். நம் பெண்களோ கையால் எடுத்தே பழகியவர்கள். எடுக்கும்போது விரல் நுழைய வேண்டும் என்று பிளாக்குக்கும் பிளாக்குக்கும் நடுவில் சந்து விட்டுத்தான் அடுக்குவார்கள். கிளாம்ப் நெருக்கியதும் வரிசை நெளிந்து, நடுவில் இருந்ததெல்லாம் பொலபொலவென்று கீழே போயிற்று. முனியம்மா அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "ஓ, இவருக்கு விரல் இல்லையா!" என்றாள். மறுநாளிலிருந்து நூல் நுழையாத அளவுக்கு நெருக்கி, ஒரு வரிசை நீளம், அடுத்தது குறுக்கு என்று மாற்றி மாற்றி அடுக்கிக் கட்டு கட்டித் தந்தார்கள். தலையில் ஏற்றுகிற வேலை போய், தரையிலேயே கட்டு கட்டும் வேலை வந்தது. ஒருத்தியும் வீட்டுக்குப் போகவில்லை.

நீங்களும் உங்களுக்கென்று ஒரு பழக்கம் வைத்துக்கொண்டீர்கள். எந்தக் கட்டைப் பிடித்தாலும் ஒரு சாண் தூக்கி, அப்படியே நிறுத்தி, மூச்சு விடுகிற நேரம் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவீர்கள். "கடவுள் வாழ்த்து முடிஞ்சுதா?" என்று நான் கேலி செய்வேன். "அது ஏதாவது சொல்லணும்னா இப்பவே சொல்லிடட்டும்" என்பீர்கள்.

அந்தச் சமயத்தில்தான் ராஜண்ணா வந்தார். காண்ட்ராக்டர், தமிழில் பாதி கன்னடம் கலந்து பேசுகிறவர். ஒக்கலிபுரத்தில் ஒரு பெண்கள் ஹாஸ்டலுக்குச் சுற்றுச்சுவர் கட்டும் வேலை அவருக்கு. லாரி நுழைய முடியாத சந்து. முனையிலிருந்து சுவர் வரைக்கும் பிளாக்கைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். "உங்க சின்ன வண்டி தூக்குமா? ஒடையாம வருமா? விஜயதசமி அன்னிக்கி வர்றேன், நோடோணா, பார்த்துடலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அது நீங்கள் பிறந்து வளர்ந்த சந்து என்பது அவருக்குத் தெரியாது. அண்ணனும் அன்றைக்கே முடிவு சொல்லிவிட்டார். இந்த வேலை கிடைத்தால் வண்டி நிற்கும், இல்லாவிட்டால் மறுநாளே திரும்பிப் போகும். அதாவது, சும்மாடு திரும்பி வரும்.

ஆயுத பூஜையன்று நீங்கள் வண்டிக்குச் செய்த அலங்காரம் எந்த மாப்பிள்ளைக்கும் நடந்திருக்காது. நீங்களே கழுவித் துடைத்தீர்கள். கண்ணாடிக்குச் சந்தனம், டயருக்கு எலுமிச்சம்பழம், மேலே வாழைக்கன்று. கிளாம்பின் ரப்பர் பட்டை மட்டும் சிமெண்டுத் தூசி படிந்து வெளுத்துக் கிடந்தது. அதில் மஞ்சளும் குங்குமமும் ஒட்டவில்லை. வீட்டிலிருந்து தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கொண்டுவந்து, உள்ளங்கையில் ஊற்றி ஊற்றி, இரண்டு பட்டைக்கும் பச்சைக் குழந்தைக்குத் தேய்க்கிற மாதிரி தேய்த்தீர்கள். ரப்பர் கன்னங்கரேலென்று மின்னியது. குங்குமம் அழகாக ஒட்டியது. நாங்கள் எல்லோரும் சுற்றி நின்று பார்த்தோம். ஒருத்தருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. பூஜையில் எண்ணெய் பூசுவது தப்பென்று எந்த ஊரில் யாருக்குத் தோன்றும்?

மறுநாள் காலை ராஜண்ணா வந்தார். கட்டு தயாராக இருந்தது. நீங்கள் சாமி கும்பிட்டுவிட்டு ஏறி உட்கார்ந்தீர்கள். கிளாம்ப் நெருக்கியது. ஒரு சாண் தூக்கி நிறுத்தினீர்கள். ஒரு நொடி நின்றது. அப்புறம் அந்தக் கட்டு முழுசாக, அவசரமே இல்லாமல், வழுக்கிக்கொண்டு இறங்கி, ஒரு பக்கம் சரிந்து தரையில் சிதறியது. மூலை மூலையாக உடைந்தது. ஒரு சாண் உயரம்தான், யாருக்கும் அடி இல்லை.

அண்ணன் வண்டியைப் பார்க்கவில்லை. நேராக முனியம்மாவிடம் போனார். "எத்தனை தடவை சொல்றது? சந்து விடாம அடுக்கு, சந்து விடாம அடுக்குன்னு! வேணும்னே செஞ்சீங்களா? மெஷின் போகணும்னு செஞ்சீங்களா?"

முனியம்மா அவர் முன்னால் வந்து நின்றாள். "இல்லீங்கய்யா. நூல் நுழையாதுங்கய்யா. என் கையால அடுக்கினேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அண்ணன் காதில் விழவில்லை. அப்போது எனக்கும் சந்துதான் காரணம் என்றே பட்டது. முதல் நாள் அப்படித்தானே விழுந்தது. ராஜண்ணா கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நிமிஷம் யாரும் ஒன்றும் பேசாமல் இருந்திருந்தால் பழி முனியம்மா தலையில் விழுந்திருக்கும். மெஷின் நல்லது, அடுக்கினவள்தான் மோசம் என்று ராஜண்ணாவும் ஒப்புக்கொண்டிருப்பார். வேலையும் கிடைத்திருக்கும்.

நீங்கள் இன்ஜினை அணைத்தீர்கள். சீட்டுக்கு முன்னால் இருக்கும் தடுப்புக் கம்பியைத் தூக்கிவிட்டு இறங்கினீர்கள். உடைந்த பிளாக்குகளைத் தாண்டிப் போய், ரப்பர் பட்டையில் உள்ளங்கையை வைத்து ஒரு இழு இழுத்தீர்கள். கையை முகர்ந்து பார்த்தீர்கள்.

"அவங்களை விடுங்க" என்றீர்கள், எல்லோருக்கும் கேட்கிற குரலில். "அடுக்கு சரியாத்தான் இருக்கு. மெஷினும் சரியாத்தான் இருக்கு. நேத்து பட்டைக்குத் தேங்கா எண்ணெ பூசினது நான்தான்."

ராஜண்ணாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏனம்மா இது? எண்ணெ வச்சி, தலை வாரி, பூவும் வச்சியா?"

"வச்சேன் சார். மேல இருக்கு பாருங்க" என்று வாழைக்கன்றில் சுற்றியிருந்த மல்லிகையைக் காட்டினீர்கள். "ஒரு மணி நேரம் குடுங்க. குளிப்பாட்டிக் கூட்டிட்டு வரேன்."

அந்த இடத்தில் அப்படிப் பேச இந்த உலகத்தில் வேறு யாருக்கு வாய் வரும், சொல்லுங்கள்! எனக்குக் கை தட்ட வேண்டும் போலிருந்தது. அண்ணன் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

முதலில் குனிந்தவள் முனியம்மாதான். தரையில் கிடந்த பிளாக் தூளைக் கை நிறைய அள்ளிப் பட்டையில் போட்டுத் தேய்த்தாள். தூள் எண்ணெயை உறிஞ்சியது. பிறகு சோப்புத் தூள், தேங்காய் நார், வாளி வாளியாகத் தண்ணீர். நீங்கள் ஒரு கை, அவள் ஒரு கை. நான் சாக்கு கொண்டுவந்து துடைத்தேன். அண்ணன் எங்கேயோ காணாமல் போனார். திரும்பி வந்தபோது கையில் டீ இருந்தது. முதல் டம்ளரை முனியம்மாவிடம் நீட்டினார். "தப்பா சொல்லிட்டேன்" என்று முணுமுணுத்தார். அவரை எனக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து அன்றுதான் கேட்டேன்.

முனியம்மா புதிதாக ஒரு கட்டு கட்டினாள். நீங்கள் பட்டை இரண்டிலும் உள்ளங்கையை வைத்துப் பார்த்தீர்கள். கை கறுப்பாக, வறண்டு வந்தது. ஒரு சாண் தூக்கி நிறுத்தினீர்கள். கட்டு அசையவில்லை. யார்டை ஒரு சுற்று சுற்றி, ராஜண்ணாவின் கால்மாட்டில் சத்தமில்லாமல் இறக்கினீர்கள். அவர் குனிந்து மூலைகளைத் தடவிப் பார்த்தார். "நாளைக்கே அனுப்புங்க" என்றார். "மெஷினைப் பத்தி எனக்கு ஒண்ணும் கொத்தில்லம்மா, தெரியாது. தப்பு யாருதுன்னு கேக்கறதுக்கு முன்னாடி சொல்ற ஆளு எனக்கு சைட்டுல வேணும்."

ஒக்கலிபுரத்துச் சந்தில் நீங்கள் நுழைந்த காட்சி இன்னும் என் கண்ணில் நிற்கிறது. நான் முன்னால் நடந்து, ஸ்கூட்டர்களை எடுக்கச் சொல்லிக் கத்திக்கொண்டே போனேன். காய்கறிக்காரர் தள்ளுவண்டியை ஒதுக்கினார். வாசலுக்கு வாசல் ஆள் வந்து நின்றார்கள். "ஏய், நம்ம பொண்ணு பாருடீ!" என்று மாடியிலிருந்து யாரோ கத்தினார்கள். ஒரு வீட்டில் ஆரத்தித் தட்டே எடுத்து வந்துவிட்டார்கள். நீங்கள் யாரையும் பார்க்கவில்லை. பிளாக் மேல் வைத்த கண்ணை எடுக்காமல், அந்தச் சந்தை நிறைத்துக்கொண்டு போனீர்கள். இறக்கி வைத்த பிறகு, "கல்நெஞ்சு அண்ணி உங்களுக்கு, ஒருத்தரையும் திரும்பிப் பார்க்கலையே" என்றேன். "யாரு சொன்னா? எல்லாரையும் பார்த்தேன். மாடியில நின்னது மேரி. இன்னும் அதே பச்சை நைட்டி" என்றீர்கள். அப்புறம்தான் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டீர்கள்.

அடுத்த வருஷ ஆயுத பூஜைக்கு முன்னால் உங்கள் மாம்பழ நிறச் சேலையை இரண்டாகக் கிழித்தீர்கள். பட்டையில் சுற்றிக் கட்டிவிட்டு, "இப்ப யாரு வேணா எவ்வளவு வேணா பூசுங்க" என்று குங்குமக் கிண்ணத்தை நீட்டினீர்கள். வருஷா வருஷம் அப்படியே நடந்தது. நம்மிடம் கட்டு கட்டக் கற்றவர்கள் வேறு யார்டுகளுக்குப் போனார்கள். அவர்களோடு சேலையும் போயிருக்கிறது. காரணம் மட்டும் வழியில் எங்கேயோ இறங்கிவிட்டது.

அந்தக் காரணத்தை இன்று முனியம்மா ஹெப்பகோடிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டாள். "கண்ணு இல்லப்பா, எண்ணெ!" என்று ஆரம்பித்து, பிளாக் மேல் உட்கார்ந்தபடியே முழுக் கதையையும் சொன்னாள். அந்த யார்டு ஆட்கள் எல்லோரும் கூடிவிட்டார்கள். "என் கழுத்தைக் காப்பாத்துனாங்க, அது சரி. ஆனா அத்தினி பேரு முன்னால 'நான்தான்'னு சொன்னாங்க பாரு, அப்பதான் நான் தலை நிமிந்தேன்" என்றாள். சொல்லும்போது ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக் கழுத்தைத் திருப்பினாள். முழுசாக இல்லை. பாதி திரும்புகிறது. அந்தப் பாதி நீங்கள் கொடுத்தது.

"அந்தம்மா இப்ப எங்க இருக்காங்க?" என்று ஆபரேட்டர் கேட்டார். முனியம்மா என்னைப் பார்த்தாள். நான் கையை மேலே காட்டினேன். அவருக்குப் புரிந்துவிட்டது. கயிற்றை அவிழ்த்தார். துணியை எடுத்து உதறி, நாலாக மடித்து, சீட்டுக்குப் பின்னால் வைத்தார். பட்டையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு எங்கள் பக்கம் காட்டினார். "எண்ணெ இல்லம்மா." பிறகு ஏறி உட்கார்ந்து, ஒரு கட்டைப் பிடித்து, ஒரு சாண் தூக்கி, நிறுத்தினார். அதை நாங்கள் சொல்லவில்லை, அண்ணி. முனியம்மாவின் கதையில் அது வரவேயில்லை.

சந்தாபுரா திரும்பியபோது நம் லோடர் காத்திருந்தது. அண்ணன் மாலையைக் கழற்றி வைத்துவிட்டு ஓரமாக நின்றிருந்தார். நான் உங்கள் சேலையை அவிழ்த்தேன். அந்தக் காக்கிச் சட்டைக்குள் கையை நுழைத்தேன். எனக்குக் கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருக்கிறது, சிரிக்காதீர்கள். இரண்டு பட்டையிலும் உள்ளங்கையை வைத்து இழுத்துப் பார்த்தேன். கை இன்னும் கழுவவில்லை, இந்தக் காகிதத்தின் ஓரமெல்லாம் கறுப்பாகிறது.

இன்று முதல் லோடு எடுத்தது யார் என்று கேட்பீர்கள். நான்தான், அண்ணி.